ஓடை என்று எழுதியவன் நான்

ஒடுகத்தூரிலிருந்து மலைக்கு மேலே வாடகை ஜீப் ஏற்றிய முதல் ஆள் நான். அப்போது பாதை என்று ஒன்று இல்லை. பாறையைக் கடப்பாறை போட்டு நானே புரட்டினேன். மேலே புளிக்கும் கடுக்காய்க்கும் கிடங்கு கட்டினேன். அதன் தகரம் அத்தனையும் தலைச்சுமையாக ஏறியது, அதில் பாதி என் தலையில். ஓடைக்குக் குறுக்கே சிமெண்டுக் குழாய் புதைத்தேன். இஞ்சினீயர் நிற்காது என்றார். இன்றைக்கும் நிற்கிறது. மேல் ஆஸ்பத்திரிக்குக் கிணறு வெட்டினேன். இத்தனைக்கும் நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாடு மேய்க்கப் போய்விட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு விழா எடுக்கிறார்கள், விழா மலர் அச்சிடுகிறார்கள். நான் செய்ததை எல்லாம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். மேலே உள்ளதை எழுதிக் கொடுத்தாயிற்று. ஆனால் மலரில் வரப்போகிற இன்னொரு பக்கத்தைப் படித்துக் காட்டினார்கள். அதைக் கேட்டபிறகு சோறு இறங்கவில்லை. என் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

எழுபதுகளின் கடைசி. அந்த ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வந்தால் உண்டு. மற்ற நாளெல்லாம் ஒரே ஒரு நர்சம்மாதான். கணியம்பாடிப் பக்கத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், என்னை அண்ணே என்பார். பகல் பன்னிரண்டுக்குமேல் நோயாளிக் கூட்டம் குறைந்தால் வாரப்பத்திரிகையை விரித்துக் குறுக்கெழுத்துக் கட்டம் நிரப்ப உட்காருவார். பத்திரிகையைக் கீழேயிருந்து வாங்கி வருகிறவன் நான். வாணியம்பாடியிலிருந்து தோல் பதனிடும் ஷாப்புக்குக் கடுக்காய் வாங்க வரும் பாய் ஒருவர், மூட்டை கட்டும்வரை எங்களோடு உட்காருவார். மூன்று பேரும் சத்தம் போட்டால் எதிரே மேயும் ஆடு நிமிர்ந்து பார்க்கும். எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த நான் சரளமாகப் படிக்க ஆரம்பித்தது அந்தக் கட்டங்களால்தான்.

அந்த வருஷம் மழைச் சிறப்புப் போட்டி என்று ஒன்று வந்தது. விடை எல்லாமே மழையைச் சேர்ந்தது. தவளை, காளான், மின்னல், புயல் என்று போகும். எல்லாம் சரியாக எழுதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தையல் மிஷின் பரிசு. நர்சம்மாவின் தங்கை புருஷனிடமிருந்து கைக்குழந்தையோடு திரும்பி வந்து தாய் வீட்டில் இருந்தாள். தைக்கத் தெரிந்தவள், மிஷின் இல்லை. "இது மட்டும் வந்துடுச்சின்னா அவ யார் கையையும் எதிர்பாக்க வேணாம்ணே" என்று நர்சம்மா இரண்டு முறை சொன்னார்.

எல்லாக் கட்டமும் நிரம்பியது. மூலையில் இரண்டெழுத்துச் சொல் ஒன்று மட்டும் பாக்கி. மேலிருந்து இறங்கிய 'மடை'யால் கடைசி எழுத்து 'டை' என்று ஆகிவிட்டது. குறிப்பு: மழை நாளில் வழிப்பயணம் கிளம்புகிறவர் மறக்கக் கூடாதது.

"குடை. இதுல யோசிக்க இன்னா கீது?" என்றார் நர்சம்மா.

"இன்னாம்மா குடை? இந்த மலையில எவன் கையில குடை பாத்தே?" என்றேன். "மழை வந்தா கோணியை மடிச்சுத் தலையில கவுத்துக்கினு போய்னே இருக்கான். மறக்கக் கூடாதது ஓடை. மேல பெஞ்சா கீழ ஓடையில இன்னா வருதுன்னு நெனைக்காதவன் வூடு திரும்ப மாட்டான்."

"எனக்கு வடைதான் ஞாபகத்துக்கு வருது" என்றார் பாய். "வழிக்கு வடை கட்டிக்காத மனுசன் ஒரு மனுசனா?"

"பாய், சும்மா இருங்க."

"சரிம்மா, நானும் குடைதான். அண்ணாத்தே, ஓடை ஜீப்பு ஓட்றவனுக்கு. ஜீப்பு ஓட்டிக்கினே குறுக்கெழுத்து போடறவன் இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தன்தான்."

இருவரும் சிரித்தார்கள். நர்சம்மா சமாதானமாகச் சொன்னார்: "நீங்க சொல்றது நெசந்தாண்ணே. ஆனா போட்டி வச்சவரு மெட்ராஸ்ல பஸ்சுக்கு நிக்கிறவரு. அவரு மனசுல இன்னா கீதுன்னுதான் பாக்கணும். நமக்குத் தெரிஞ்சத எழுதுனா பரிசு வராது."

போட்டிக் கூப்பனில் குடை என்று மசியால் எழுதி, உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். அவர் சொன்ன கடைசி வார்த்தை எனக்குத் தைத்துவிட்டது. எனக்குத் தெரிந்ததை வைத்துத்தானே இந்த மலையில் இத்தனையும் செய்தேன்? எவன் மனசில் என்ன இருக்கிறது என்று பார்த்தா செய்தேன்?

அந்தக் காலத்தில் மேலே தபால் பெட்டி கிடையாது. யார் கடிதமும் என் ஜீப்பில்தான் இறங்கும். உறையை ஒட்டாமலே கொடுப்பார்கள். கீழ்நாட்டில் அரிசிச் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டிவிடுவார்கள். எங்கள் சாமைச் சோறு உதிரி, அது காகிதத்தைப் பிடிக்காது. ஒடுகத்தூர் தபாலாபீசில் பசைக் கிண்ணம் இருக்கும், அங்கே நான் ஒட்டிப் போடுவேன். எத்தனை வீட்டுச் சண்டை, எத்தனை பெண் கேட்ட கடிதம் திறந்த வாயோடு என் சட்டைப் பையில் இறங்கியிருக்கும்! ஒன்றைக்கூட நான் பிரித்ததில்லை. அது என் பெருமை.

இதைப் பிரித்தேன்.

அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது என்று கூப்பனில் போட்டிருந்தது. ஒரு விலாசத்துக்கு ஒரு கூப்பன்தான் என்றும் போட்டிருந்தது. அதனால் பஸ் நிற்கும் இடத்துக் கடையில் அதே பத்திரிகையை இன்னொன்று வாங்கி, கூப்பனை வெட்டி, ஜீப் பானெட்டின்மேல் வைத்து, அவர் எழுதியதைப் பார்த்து, அவர் பெயர் விலாசம் உட்பட, ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். ஒரு மணி நேரம் ஆனது. ஓர் எழுத்து பிசகவில்லை. மூலைக் கட்டத்தில் மட்டும் ஓடை என்று எழுதினேன். திருட்டு என்று அப்போது தோன்றவில்லை. உதவி என்றே நினைத்தேன். மிஷின் வந்து இறங்கும் அன்றைக்கு, "பாத்தியாம்மா, ஓடை" என்று சொல்ல வேண்டும், பாயும் பக்கத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. என் கூப்பனை உறையில் போட்டு ஒட்டினேன். அவருடையது என் பையிலேயே தங்கிவிட்டது.

முடிவு வந்த பத்திரிகையையும் நான்தான் வாங்கினேன். மேலே போகும் வரை பொறுக்க முடியாமல் ஓடையோரம் வண்டியை நிறுத்திப் பிரித்தேன். மூலையில் குடை. பரிசு பெற்றவர்கள் மூன்று பேர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பிழை செய்தவர்கள் வரிசை. அதில் நர்சம்மாவின் பெயர். பத்திரிகையைத் தண்ணீரில் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். அன்றைக்குப் பார்த்து ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான்.

நர்சம்மா தன் நோட்டில் எழுதி வைத்திருந்த பிரதியை எடுத்து, விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தானே கீது..."

"பத்திரிகைக்காரன் தப்பாப் பாத்திருப்பான். ஒரு கடுதாசி போடும்மா" என்றார் பாய்.

"இல்ல பாய். கூப்பன்ல எழுதறப்ப என் கைதான் எங்கியோ தவறிடுச்சி. அன்னிக்கு ஒரு கொழந்தை காய்ச்சலோட வந்துச்சி, பாதியில எழுந்து போனேன். என் கவனம் அவ்ளோதான்."

நான் வாயைத் திறந்தேன். "வண்டிக்கு ஆளுங்க காத்துக்கினு கீறாங்க" என்றுதான் வந்தது.

தங்கை பீடி சுற்றப் போனாள். நர்சம்மா அதற்குப் பிறகு கட்டம் நிரப்பவில்லை. பத்திரிகை வேண்டாம் என்றுவிட்டார். மருந்து பாட்டிலின் மேல் எழுதியிருப்பதை மூன்று முறை வாய்விட்டுப் படித்த பிறகே ஊற்றுவார். ஜனங்கள், அம்மாவுக்கு எவ்வளவு பொறுப்பு என்பார்கள். அது பொறுப்பு இல்லை, தன் கை மேலேயே சந்தேகம் என்று எனக்கு மட்டும் தெரியும்.

மறுவருஷம் நானே ஒரு மிஷின் வாங்கி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன்.

"இன்னாண்ணே இது?"

"தங்கச்சிக்கு."

"ஜெயிச்சிருந்தா கை நீட்டி வாங்கியிருப்பேன். தோத்ததுக்கு யாராவது பரிசு குடுப்பாங்களா? எடுத்துக்கினு போங்கண்ணே."

சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. பாறை புரட்டின கை மிஷினைத் திரும்பத் தூக்கி வண்டியில் வைத்தது. அதை விற்றுவிட்டேன்.

இப்போது மலர். நர்சம்மா ஓய்வு பெற்றபோது பேசிய பேச்சை அதில் போடுகிறார்கள். "ஒருமுறை குறுக்கெழுத்தில் கவனக்குறைவாக ஓர் எழுத்தைத் தவறாக எழுதி, என் தங்கைக்கு வரவேண்டியதை இழந்தேன். அன்றிலிருந்து எதையும் மூன்று முறை படிப்பேன்" என்று சொல்லியிருக்கிறார். கூட்டம் கைதட்டியது. தட்டியவர்களில் நானும் ஒருவன்.

அவர் இப்போது கணியம்பாடியில் இருக்கிறார். போன மாதம் மட்டும் இரண்டு முறை போனேன். காப்பி கொடுத்தார். சர்க்கரை போடலாமா, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். வாயால் வராது என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

அதனால் மலர்க் குழுவுக்கு நான் சொல்வது இது. குடை என்று அவர் கையால் எழுதிய கூப்பன் இத்துடன் இருக்கிறது. அதை அவர் பேச்சுக்குப் பக்கத்தில், எழுத்து தெரியும்படி அச்சிடுங்கள். அவர் கை தவறவில்லை. முதல் பிரதியை அவருக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இடம் போதாவிட்டால் என் கிடங்கை வெட்டுங்கள், குழாயை வெட்டுங்கள், கிணற்றையும் வெட்டுங்கள். அதெல்லாம் நான் இல்லாவிட்டால் வேறு எவனாவது செய்திருப்பான். ஓடை என்று எழுதியது நான் ஒருவன். அந்தப் பிழை என்னுடையது. அதை இன்னொருவர் பெயரில் அச்சிட விடமாட்டேன். என் பெயரில் போடுங்கள்.