ஒரு கால் ஷூ

மேலிருந்து ஒரு நட்டு விழுந்தாலும் ஃபெயில் என்று காலையிலேயே சொல்லிவிட்டார் பயிற்சி தரும் சார். காற்றாலை வேலைக்கான கடைசித் தேர்வு அது. பாலக்கோடு சாலையோர மைதானத்தில் நின்ற ஆறு மாடி உயர இரும்புக் கோபுரத்தில் ஏறி, உச்சியில் நான்கு போல்ட்டை முடுக்கிவிட்டு இறங்க வேண்டும். தேறியவர்களை மாலையே வேலைக்கு அழைத்துப்போக வேன் வந்து நின்றது. ஸ்பேனரைக்கூடக் கயிறு போட்டு இடுப்பில் கட்டியிருந்தேன்.

ஏறுவதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்ற திமிர் வேறு. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பத்து வருடம் புளி உலுக்கியவன் நான். புளியமரத்தில் எவனும் செருப்போடு ஏறமாட்டான். கிளை தாங்குமா என்று பாதத்துக்குத்தான் தெரியும்.

கீழே என் பாதுகாப்புக் கயிற்றைப் பிடித்து நின்றவள் சித்தேரி மலைப் பெண். எங்கள் பேட்சில் அவள் ஒருத்திதான் பெண். எனக்கு அடுத்து அவள் ஏற வேண்டும்.

உச்சியில் காற்று பிடித்து உலுக்கியது. கெட்டி ஷூவுக்குள் கால் மரத்துப்போய், கம்பியில் நிற்கிறேனா வெறும் காற்றில் நிற்கிறேனா என்றே புரியவில்லை. பயந்துவிட்டேன். மூன்று போல்ட் முடிந்தது. நான்காவதற்கு எட்டி நிற்க வேண்டும். யோசிக்கவே இல்லை, கை தானாகப் போய் வலது ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தது. விரல்கள் கம்பியைக் கவ்வியதும் உயிர் வந்தது. போல்ட்டை முடுக்கிவிட்டுத் திரும்பினேன். முழங்கால் இடித்து ஷூ கீழே போனது.

"நவுரு புள்ள, நவுரு!"

அண்ணாந்து பார்த்தாள். நகரவில்லை. ஷூ அவள் மணிக்கட்டில் விழுந்தது. என் இடுப்புக் கயிறு ஒரு நொடிகூடத் தளரவில்லை.

இறங்கியபோது அவள் கை வீங்கியிருந்தது. சார் என் வெறுங்காலைப் பார்த்தார், தாளில் என் பெயரை அடித்தார். அவளிடம், "இந்தக் கையோட ஏத்த முடியாதும்மா. அடுத்த பேட்ச்ல பாக்கலாம்" என்றார். நான் தோற்றது நியாயம். அவள் என்ன தப்பு செய்தாள்? என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மாலை வேன் கிளம்பியது. நாங்கள் இருவரும் கேட்டருகில் நின்றோம். நல்ல கையில் என் ஷூவை வைத்திருந்தாள்.

"கத்துனேனே, கேக்கலையா?"

"கேட்டுச்சுங்கண்ணா. நவுந்தா கயிறு லூசாயிருமுங்களே. நீங்க மேல இருந்தீங்க."

ஷூவை நீட்டினாள். வாங்க எனக்குக் கை வரவில்லை.