தேர் நாளில் ஓர் ஒத்திகை: மயிலாப்பூரிலிருந்து கிண்டி தாண்டி

போன வருஷம் பங்குனித் தேர் அன்று காலை, மயிலாப்பூரில் எங்கள் வீட்டிலிருந்து கிண்டி தாண்டி இருக்கும் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதினொரு கிலோமீட்டர்தான். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று என் வீட்டுக்காரரே கேட்டார். மாற்று இதயத்துக்காக வெளியூரிலிருந்து வந்து சென்னையில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்தப் பதினொரு கிலோமீட்டரின் நீளம் தெரியும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் நாத்தனார் ஜெயந்தி மலையில் தேயிலைத் தோட்டப் பள்ளி ஒன்றில் டீச்சர். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இதயத் தசை பலவீனமாகி, கடைசியில் குளியலறைக்குப் போய் வந்தாலே மூச்சு வாங்கும் நிலைக்கு வந்துவிட்டாள். வேறு இதயம் வைப்பது ஒன்றுதான் வழி என்று சொல்லிவிட்டார்கள்.

சொன்னது சென்னை டாக்டர் இல்லை. அந்த மலை ஊரிலேயே சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு டாக்டரம்மா இதய மாற்றுத் திட்டம் நடத்துகிறார். மலையில் ஏது இதய மாற்று என்று நானும் நினைத்தேன். ஆபரேஷன் மட்டும்தான் சென்னையில். யாருக்குத் தேவை என்று கண்டுபிடிப்பது, பரிசோதனைகள், பதிவுக்கான பேப்பர்கள், வீட்டாரைத் தயார்ப்படுத்துவது, திரும்பி வந்தவர்களை ஆயுள் முழுக்கக் கவனிப்பது எல்லாம் அங்கே. அவர்களுடைய ரத்தம் குளிர்பெட்டியில் பஸ் ஏறிக் கீழே பரிசோதனைக்குப் போகும். மருந்தின் அளவு எவ்வளவு என்று போனில் பதில் வரும். ஜெயந்திக்கு முன்னால் நான்கு பேர் அப்படி மலையிலேயே நன்றாக இருக்கிறார்கள்.

பதிவு ஆனதும் ஜெயந்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்களுக்குச் சொன்ன நிபந்தனை ஒன்றுதான்: போன் வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இதயம் அடுத்தவருக்குப் போய்விடும். சாதாரண நாளில் ஆட்டோவில் போய்ப் பார்த்தோம். ஆழ்வார்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை, கிண்டி வழியாக 42 நிமிஷம், 260 ரூபாய். நிம்மதியாக இருந்தேன்.

மலை ஆஸ்பத்திரியின் நர்ஸ் சகாயமேரி போனில் கேட்டார்: "இது நல்ல நாள் கணக்குக்கா. எங்க திட்டத்துல மோசமான நாள்ல ஒருக்கா போய்ப் பார்க்கணும்னு வச்சிருக்கோம். இங்கன்னா மண்சரிவு. உங்க ஊர்ல எது மோசமான நாள்?"

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. "தேர்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் நான் காத்திருக்கும் நாள் அது. ஆனால் எங்கள் சந்து தெற்கு மாட வீதியில்தான் திறக்கும். தேர் வரும்போது சைக்கிள்கூட வெளியே போகாது.

மந்தைவெளி ஆட்டோ ஸ்டாண்டு சேகரிடம் முதல் நாளே பேசினேன். அவர் சிரித்தார். "இன்னாக்கா, தேர் அன்னிக்கு உன் வூட்டு வாசலுக்கு வரச் சொல்ற? நான் இன்னா ஹெலிகாப்டரா வச்சிக்கினு கீறேன்? மார்க்கெட்டாண்ட நிப்பேன். அதுவரிக்கும் நீ இட்டாந்துடு."

தேர் அன்று 9.05க்குக் கிளம்பினோம். ஜெயந்தி சக்கர நாற்காலியில் (மாத வாடகை 900 ரூபாய்), மடியில் ஃபைலும் மருந்துப் பையும். மாட வீதியில் கால் வைக்கும்போதே கிழக்கு முனையில் தேர் திரும்பிக்கொண்டிருந்தது. ஊரே அந்தப் பக்கம் பார்த்துக் கைகூப்பி நிற்கிறது. நாங்கள் போக வேண்டியது எதிர்ப்பக்கம். சுவாமிக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் தள்ளினேன்.

"அண்ணி, ஒரு நிமிஷம் நிறுத்துங்களேன். பார்த்துட்டுப் போலாம்," என்றாள் ஜெயந்தி.

"போன் வந்தா நிறுத்துவோமா?" என்று கேட்டேன். அவள் கழுத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

நீர்மோர்ப் பந்தல் அருகே நாற்காலி சிக்கிக்கொண்டது. நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் ஓர் அம்மா, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தவர், திரும்பிப் பார்த்தார். "சாமி வர்ற நேரத்துல எங்கம்மா போறீங்க? ஆஸ்பத்திரிக்கா? சீரியஸா?"

ஆமாம் என்றால் வழி கிடைக்கும். சுவாமியைப் பின்னால் வைத்துக்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லம்மா, ஒத்திகை. நிஜமா கூப்பிடும்போது எவ்ளோ நேரம் ஆகும்னு பார்க்கிறோம்."

"ஒத்திகையா? என் கல்யாணத்துக்கே எவனும் ஒத்திகை பாக்கல!" என்று சிரித்தவர், ஜெயந்தியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அடுத்த நொடி அவர் குரல் வீதி முழுக்கக் கேட்டது. "டேய் நவுருங்கடா! மோர் எங்கியும் ஓடிப்போவாது, பேஷண்ட் கீது!"

அப்படியும் மார்க்கெட் அருகே சேகரின் ஆட்டோவில் ஏறும்போது மணி 9.48. நந்தனம் பக்கம் போகவே முடியாது என்று அடையாறு, சர்தார் படேல் சாலை வழியாக விட்டார். ஆஸ்பத்திரி வாசலில் 10.27. மொத்தம் ஒரு மணி 22 நிமிஷம். 350 ரூபாய்.

ஜெயந்தி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "இன்னிக்குப் போன் வந்திருந்தா எனக்கு இல்லை, அண்ணி."

மறுநாள் அறுபத்துமூவர், கூட்டம் இன்னும் அதிகம். வீடு திரும்பாமல், நந்தனத்தில் மெட்ரோ ஸ்டேஷன் பக்கமாக ஓர் அறை எடுத்தோம். நாளுக்கு 1,400 ரூபாய், நான்கு நாள். மறுநாள் பிற்பகல், அறுபத்துமூவர் புறப்படும் நேரத்தில், நான் அந்த அறையில் ஜெயந்திக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"உங்களைச் சாமிகிட்டேயிருந்து பிரிச்சுட்டேன்," என்றாள்.

"அவரோட அறுபத்துமூணு பேர் இருக்காங்க. உனக்கு நான் ஒருத்திதான். குடி."

அந்த நான்கு நாளும் போன் வரவில்லை. உண்மையைச் சொன்னால், போன் வர வேண்டும் என்று நான் ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை. அது வர வேண்டுமென்றால் யாரோ ஒருவர் வீட்டில் என்ன நடக்க வேண்டும் என்று தெரியும். கோயிலில் நின்றால், போகிற பாதையில் தடங்கல் இருக்கக் கூடாது என்று மட்டும் கேட்பேன்.

சித்திரையில் ஒரு நாள் காலை 10.10க்குப் போன் வந்தது. அன்று திருவிழா எதுவும் இல்லை. ஆனால் அண்ணா சாலையில் ஏதோ ஊர்வலம், வண்டிகள் நகரவில்லை என்று சேகருக்குத் தகவல் வந்தது. "தேர் ரூட்டுலயே வுட்டுடவாக்கா?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் அடையாறு பக்கம் திருப்பிவிட்டார். 51 நிமிஷம். அன்றே ஆபரேஷன் நடந்தது.

ஆவணியில் ஜெயந்தி மலைக்குத் திரும்பினாள். இப்போது பாதி நாள் பள்ளிக்கூடம் போகிறாள். அவள் ரத்தமும் குளிர்பெட்டியில் பஸ் ஏறுகிறது.

காத்திருக்கப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தது இதுதான். ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டு வீடு பிடிக்காதீர்கள், வீட்டு வாசல்வரை எல்லா நாளும் வண்டி வருமா என்று கேளுங்கள். கோயில், சர்ச், கல்யாண மண்டபம், எது பக்கத்தில் இருந்தாலும் அங்கே கூட்டம் சேரும் நாட்களைத் தெரிந்துகொண்டு, அதில் ஒரு நாள் நோயாளியையும் அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். தனியாகப் போய்ப் பார்த்தால் கணக்குத் தப்பாக வரும். பழகிய ஆட்டோக்காரர் இரண்டு பேராவது வேண்டும். மாற்று இடத்துக்கென்று ஆறாயிரம் ரூபாயாவது தனியாக எடுத்து வையுங்கள்.

இந்த வருஷம் தேரைக் கண்குளிரப் பார்த்தேன். தொற்று பயத்தால் ஜெயந்தி கூட்டத்துக்கு வரக் கூடாது, போனில் காட்டினேன். பிறகு சித்திரையில் வளர்பிறை சப்தமி வந்தது, போன வருஷம் ஜெயந்திக்கு இதயம் கிடைத்த திதி. கோயிலுக்குப் போய் மோட்ச தீபம் ஏற்ற வேண்டும் என்று குருக்களிடம் சொன்னேன்.

"யார் பேருக்கு?"

"பேர் தெரியாது, சாமி."

"நட்சத்திரம்?"

"அதுவும் தெரியாது. ஆணா பெண்ணான்னும் தெரியாது. திதி மட்டும்தான் தெரியும்."

"திதி தெரியறதோன்னோ, போதும்," என்று குருக்கள் திரியை எடுத்தார்.

எங்கேயோ ஒரு வீட்டில் அன்று திதி கொடுத்து இலை போட்டிருப்பார்கள். நான் விளக்கின் முன்னால் நின்று, ஜெயந்திக்காக அத்தனை மாதம் கேட்டதையே அவருக்காகவும் கேட்டேன். போகிற பாதையில் தடங்கல் எதுவும் இருக்கக் கூடாது.