தண்ணீர் கேட்காத செடி

தண்ணீர் ஊற்றினால் கெட்டுப்போகும் செடி என்று ஒன்றை எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. லெபனானில் வீட்டு வேலைக்குப் போயிருந்த சின்னம்மா திரும்பி வந்தபோது, ஈரத்துணியில் சுற்றி லவண்டர் கொப்புகள் கொஞ்சம் கொண்டுவந்தார். தங்கம் வரும் என்று காத்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்திருக்க வேண்டும்!

“பூக்காத கொப்பா எடுத்து, கீழ் இலைய உருவிப்போட்டு மணல்ல குத்தி நிழல்ல வெச்சாச் சரி. தண்ணிய மட்டும் கண்டபடி ஊத்திராதிங்க, அழுகிரும்” என்றார் சின்னம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்காமல், “மெய்யாவே தண்ணி கேக்காதா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஏன் கேட்டார் என்பது நான் வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. கடலோரத்தில் இருந்த எங்கள் வீட்டைச் சுனாமி கொண்டுபோனபோது வீட்டுப் படங்களும் அதோடு போயின. அண்ணன் அப்போது வன்னியில், இயக்கத்தில் இருந்தான். பிறகு யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரே ஒரு படம்தான் அவனுடையதென்று மிஞ்சியது. அதிலும் சீருடையோடு நின்றான், படுபாவி. யுத்தம் முடிகிற காலம். வீடு வீடாக ஆமிக்காரரின் தேடுதல். படம் அகப்பட்டால் நாங்கள் தொலைந்தோம். கிழித்துப் போடவோ அம்மாவுக்குக் கை வரவில்லை. பத்திரிகைத் தாளில் சுற்றி, சொப்பிங் பையில் முடிந்து, ஓட்டைபோட்ட பெயின்ற் வாளியின் அடியில் வைத்தார். மேலே மணலைக் கொட்டி லவண்டரைக் குத்தி, ஊரே பார்க்கும்படி வாசலில் வைத்தார்.

எனக்கு எட்டு வயது. அந்த வாளி என் பொறுப்பு என்று நானாகவே முடிவுசெய்துகொண்டேன். கோப்பையில் தண்ணீரோடு கிட்டப் போனால் போதும், “ஊத்தாத மனே! சின்னம்மா என்ன சொன்னவ?” என்று அம்மா கத்துவார். விரலை நனைத்துத் தெளிப்பதோடு சரி. இப்படியும் ஒரு கஞ்சத்தனமா என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

ஒரு நாள் காலை சுற்றிவளைத்துவிட்டார்கள். உள்ளே பெட்டிகளைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. வெளியே வளவில் ஒருவன் இரும்புக் கம்பியால் நிலத்தைக் குத்திக் குத்திப் பார்த்தான். கிணற்றடி, தென்னையடி எல்லாம் குத்திவிட்டு வாளிக்கு முன்னால் வந்து நின்றான். அம்மாவின் நகங்கள் என் தோளில் பதிந்தன.

“இது என்ன மரம்?”

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “லவண்டர்! லெபனான்ல இருந்து வந்த!”

அவன் கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினான். ஓர் இலையைக் கசக்கி மணந்து பார்த்துச் சிரித்தான். மீசைகூடச் சரியாக முளைக்காத பொடியன். பிறகு விரலை மணலுக்குள் விட்டான்.

“தண்ணி இல்லை நே” என்றான், சிங்களம் கலந்த தமிழில்.

“வேணாம் மாத்தயா, இது தண்ணி கேக்காத செடி.”

“எல்லாங் மரமும் தண்ணி வேணும் அம்மா. எங்க வீடும் வயல்தான்.” சொல்லிக்கொண்டே கிணற்றுக்குப் போனான். ஒரு வாளி இறைத்து வந்து முழுவதையும் ஊற்றினான். போதாதென்று இன்னொன்றும் ஊற்றினான். அடி ஓட்டைகளால் தண்ணீர் குபுகுபுவென்று வெளியே ஓடியது.

அம்மா சிரித்தபடி, “பெரிய உபகாரம் மாத்தயா” என்றார். எனக்கானால் அப்படி ஒரு சந்தோஷம். கடைசியில் ஒரு மனிதனுக்காவது செடி வளர்க்கத் தெரிந்திருக்கிறதே!

அவர்கள் ஒழுங்கையைத் தாண்டியதும் அம்மா ஓடிவந்து வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். “ஐயோ, என்ர செடி!” என்று நான் கத்தினேன். அவர் பையைக் கிழித்து, ஊறிப்போன தாளை மெதுவாக உரித்தார். முகம் தாளோடு வந்துவிட்டதாம். சீருடை மட்டும் பழுதில்லாமல் இருந்ததாம். அதையெல்லாம் நான் எங்கே கண்டேன்? சிதறிய கொப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மிச்சத்தை அம்மா அடுப்பில் தள்ளிவிட்டு, அதன் முன்னால் குந்தியிருந்து வாய்விட்டு அழுதார்.

அண்ணன் அதற்குப் பிறகும் வரவில்லை. எப்படி இருப்பான் என்று நாளைக்கு என் பிள்ளைகள் கேட்டால் காட்ட எதுவும் இல்லை.

அன்றைக்கு அம்மா செடிக்குத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் அவர் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னேன்:

“அழாதிங்கம்மா. சின்னம்மாக்கிட்டச் சொன்னா வேற ஒண்டு கொண்டந்து தருவா.”