காலியாக விட்ட நேரம்

மூடிய பெட்டிகளைத் திட்டியே பிழைப்பு நடத்திவந்தவன் நான். ஒரு கம்பெனி தன் கருவியைத் தன் மென்பொருளோடு மட்டும் பேசும்படி செய்து விற்கும். பிறகு கடையை மூடிவிட்டுப் போய்விடும். அந்தக் கருவியை எல்லோருக்கும் பொதுவான நெட்வொர்க் விதிகளின்படி பேசவைக்க என்னைப் போல ஒருவனைக் கூப்பிடுவார்கள். எங்களுடையது திருவாடானைப் பக்கம் விவசாயக் குடும்பம். ஆடி அமாவாசைக்கு இராமேஸ்வரம் போனால் கடலைப் பார்ப்பதோடு சரி. அதனால் திருப்புல்லாணிக்குத் தெற்கே ஒரு மீனவர் சங்கத்தில் வேலை வந்தபோது, பெட்டியோடுதான் எனக்குச் சண்டை, கடலோடு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

சங்கத்து அறையில் வயர்லெஸ் செட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது ஓர் அக்கா. படகுகளின் இருப்பிடத்தை வாங்கும் பெட்டி சுவரில் இருந்தது. அதோடு இணைந்த பழைய கம்ப்யூட்டர் திரையில் கடல் வரைபடம், அதில் கரையை விட்டுத் தள்ளி ஒரே ஒரு புள்ளி. இரண்டு வருடமாக நகராத புள்ளி. மென்பொருளின் லைசென்ஸ் எப்போதோ முடிந்திருந்தது. அதை ஒரு வார்த்தை சொல்லாமல் பழைய படத்தையே காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்தச் சனியன்.

"இதை ஏன்க்கா இன்னும் அணைக்காம வச்சிருக்கீங்க?" என்றேன்.

"அது எங்க வீட்டுக்காரரு படகு தம்பி. வாடைக்காத்துல மாட்டிக்கிட்டாரு. மத்த படகெல்லாம் கரைக்கு வந்துருச்சு. மூணு நாளு இந்தப் புள்ளியச் சுத்தித்தான் தேடுனாக. ஒண்ணும் கெடைக்கல."

அவர் போன தேதி திரையின் ஓரத்தில் ஒரு துண்டுச் சீட்டில் ஒட்டியிருந்தது. அக்காவின் நெற்றியில் பொட்டு இருந்தது. ஆள் கிடைக்காத படகின் நம்பரை அந்தக் கரையில் யாரும் அழிப்பதில்லை. பட்டியலிலும் இருக்கும், பெட்டிக்குள்ளும் இருக்கும்.

ஒவ்வொரு படகிலிருந்தும் கடைசியாக வந்த செய்தியைப் பெட்டி சேர்த்து வைத்திருந்தது. அவற்றைப் பிரித்துப் பார்க்க மூன்று நாள் ஆனது. படகு நம்பரும் இடமும் பிடிபட்டன. நேரம் மட்டும் பிடிபடவில்லை. நேரம் இல்லாமல், என் லேப்டாப்பில் நான் போட்டிருந்த புது வரைபடத்தில் புள்ளி விழாது. சோதனைக்குத்தானே என்று எல்லாவற்றுக்கும் அந்த நிமிடத்தின் நேரத்தையே போட்டுவிட்டேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது.

அன்று யாரும் கடலுக்குப் போகாத நாள். பச்சைப் புள்ளிகள் எல்லாம் கரையோரம் வரிசையாக விழுந்தன. ஒன்று மட்டும் தீவுகளைத் தாண்டித் தெற்கே விழுந்து மினுங்கியது.

அக்கா எழுந்து வந்து இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஓடிப்போய் மைக்கை எடுத்து அந்தப் படகின் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று முறை கூப்பிட்டார். செட்டில் இரைச்சல்தான் வந்தது.

"அக்கா, அது இப்ப உள்ளது இல்ல. நேரம் நான் போட்டது. தப்பு என்னுது."

மைக்கை மெதுவாக வைத்தார். "நேரம் நீங்க போட்டது, சரி. எடம் எப்புடி மாறுச்சு தம்பி? நான் ரெண்டு வருசமாப் பாத்த எடம் இது இல்லையே."

உட்கார்ந்து அந்தப் படகின் கடைசிச் செய்தியைத் திரும்பத் திரும்பப் பிரித்தேன். தான் தொடங்கப்பட்ட நாளிலிருந்து நொடிகளை எண்ணி நேரம் வைத்திருந்தது பெட்டியைச் செய்த கம்பெனி. அது புரிந்ததும் கணக்கு உடனே விழுந்தது. சீட்டில் இருந்த தேதியிலிருந்து நான்காம் நாள், விடியற்காலை ஐந்தே கால். தேடப் போனவர்கள் மூன்றாம் நாளோடு திரும்பிவிட்டார்கள்.

படகு தானாக அனுப்பும் செய்தியும் அல்ல அது. அபாயப் பொத்தானை யாராவது விரலால் அழுத்தினால் மட்டும் வருவது. பெட்டி அதைக் கேட்டிருக்கிறது. அதற்குள் லைசென்ஸ் முடிந்திருந்த திரைதான் சொல்லவில்லை.

அக்கா டீ வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்தார். "கண்டுபிடிச்சிட்டீகளா? அது எப்பத்த எடம்?"

டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "நேரம் பதியலக்கா. மொத நாளே காத்துல தள்ளியிருக்கும்."

அவர் பழைய திரையின் பக்கம் திரும்பினார். பிறகு, "மொத நாளே முடிஞ்சிருக்கும்னுதான் தம்பி நானும் நெனச்சுக்கிறது. அப்பத்தான் சோறு எறங்குது" என்றார்.

பழைய கம்ப்யூட்டரை அவரே அணைத்தார். நம்பரை மட்டும் எடுக்க வேண்டாம் என்றார். எடுக்கவில்லை. புது வரைபடத்தின் பட்டியலில் அந்தப் படகு இருக்கிறது. நேரத்தை நான் காலியாக விட்டதால் கடலில் அதற்குப் புள்ளி இல்லை.

சொல்லியிருக்க வேண்டும் என்று சில நாள் தோன்றுகிறது. நல்லவேளை சொல்லவில்லை என்று சில நாள். மூடிய பெட்டிகளைத் திட்டுவதை நான் விட்டுவிட்டேன். அந்த ஐந்தே கால் இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.