கண்ணாடிக் கடை அத்தானின் தொலைநோக்கி

என் அக்காவின் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடமாகக் கண் பரிசோதிக்கிறார். வருகிறவரை உட்கார வைத்து, முகத்தில் இரும்புச் சட்டத்தை மாட்டி, லென்ஸ்களை மாற்றி மாற்றிச் செருகி, எதிர்ச்சுவர் எழுத்துப் பலகையில் கடைசி வரி தெரிகிறவரை "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதுதான் தொழில். வீட்டில் சட்டை போடும்போதும் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து இதையே கேட்பார். அக்கா ஒருநாள், "ரெண்டுமே மங்கல்தான், கிளம்புங்க" என்று விரட்டிவிட்டாள்.

அக்கா கிடங்கு ஒன்றில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறாள். ஓட்டுகிறாள் என்பதைவிட, ரிவர்ஸ் எடுக்கிறாள் என்பதே சரி. நீள நீளமான வண்டிகளைப் பின்னால் தள்ளி, கிடங்குக் கதவுக்கு ஒரு சாண் இடைவெளியில் நிறுத்துவாள். வீட்டுக்கு வந்தால் பேச்சு குறைவு. ஆனால் பேசினால் தப்பிக்க முடியாது.

இப்படிப்பட்டவளிடம் சொல்லாமல் அத்தான் ஒரு தொலைநோக்கி வாங்கிவிட்டார். மேஜைமேல் வைத்துப் பார்க்கிற சின்னக் குழல். ஒரு கையால் தூக்கிவிடலாம். அக்கா அதைப் பார்க்கவில்லை. போன வருடம் அவர் வாங்கிய, இப்போது துண்டு காய்கிற உடற்பயிற்சி சைக்கிளைப் பார்த்தாள்.

"எட்டு நாளைக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம்னு பில்லுல இருக்கு. ஏழாம் நாள் சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஏதாவது தெரியணும். இல்லைன்னா மறுநாள் காலையில இது கடைக்குப் போகுது." அட்டைப்பெட்டியின் மேல் தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதி வாசலருகே வைத்தாள்.

"எதுக்கு அத்தான் இது?" என்று நானும் கேட்டேன்.

"மச்சான், என் கடையோட நீளம் இருபதடி. இருபத்திரண்டு வருஷமா நான் பாக்கிறதே அந்தச் சுவத்துல இருக்கிற எழுத்துப் பலகையைத்தான். அதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணே ஒண்ணு பாத்துடணும்பா."

கேலி செய்ய வந்தவன் அன்றைக்கே குழலைத் தூக்கிக்கொண்டு அவரோடு மாடி ஏறினேன்.

தினமும் பொழுது சாயும் நேரத்தில் மொட்டை மாடிக்குப் போனோம். பிறை நிலா கண்ணெதிரே தொங்கியது. ஆனால் குழலுக்குள் மட்டும் வர மறுத்தது. வெள்ளையாக ஏதோ ஒரு நொடி பாய்ந்து ஓடும், பிறகு கும்மிருட்டு. அவர் குழலை இடப்பக்கம் தள்ளினால் நிலா எதிர்ப்பக்கம் நழுவியது. அத்தான் பதற்றத்தில் லென்ஸைத் துடைத்தார். மறுபடி தேடினார், மறுபடி துடைத்தார்.

மூன்றாம் நாள் மேல்வீட்டு டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஒண்ணுமே தெரியலையே சார்."

"உங்களுக்குப் பவர் ஏறியிருக்கு டீச்சர். நாளைக்குக் கடைக்கு வாங்க."

அந்த அம்மாவும் நம்பிப் போனார். பவர் ஒரு துளிகூட மாறவில்லை. அதற்குப் பிறகு மாடிப்படியில் அத்தானைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறாம் நாள் அத்தான் தன் கண்ணையே சோதித்துப் பார்த்தார். அதுவும் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவரை ஒரேயடியாகச் சாய்த்துவிட்டது.

ஏழாம் நாள் அக்கா மாடிக்கு வந்தாள், கையில் பெட்டியோடு. அரை நிலா, அதற்குக் கொஞ்சம் தள்ளி, இருட்டுவதற்குள் முளைத்துவிட்ட பளிச்சென்ற ஒரு புள்ளி.

"உள்ள வச்சிடும்மா. எனக்கு இது வராது" என்றார் அத்தான். எனக்குப் பாவமாக இருந்தது.

அக்கா குனிந்து பார்த்தாள். "ஏன் இவ்வளவு பொடி ஓட்டை? வேற கண்ணாடி இல்லையா?"

இருந்தது. கண் வைக்கிற இடத்தில் செருக இரண்டு வந்திருந்தன. ஒன்றில் 4, மற்றதில் 25. அத்தான் ஏழு நாளும் நாலையே செருகியிருந்தார்.

"சின்ன நம்பர்ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துறதுதானே முறை? எடுத்ததும் இருபத்தஞ்சு மாட்டினா தலை சுத்திடும்."

மூக்குக் கண்ணாடிக்கு அது முறைதான். தொலைநோக்கியில் கணக்கு நேர் எதிர்: நம்பர் சின்னதாக ஆக ஆகத்தான் அதிகம் பெருக்கிக் காட்டும், வானத்தில் ஒரு பொட்டு அளவுதான் அகப்படும். அந்தப் பொட்டுக்குள் நிலாவைப் பிடிக்கத்தான் மனிதர் ஒரு வாரமாகப் போராடியிருக்கிறார். குறிப்புத் தாளில் எல்லாம் எழுதியிருந்தது. நம்பர் விஷயத்தில் தனக்கே பாடமா என்று அவர் அதைப் பிரிக்கவே இல்லை.

அக்காவுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. "முதல்ல இடம் பூரா தெரியணும், அப்புறந்தான் கதவு" என்று சொல்லிப் பெரிய கண்ணாடியைச் செருகினாள். தள்ளினால் நிலா எதிர்ப்பக்கம் நழுவுவது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை; ரிவர்ஸில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் லாரியின் பின்பாகம் எதிர்ப்பக்கம் போகும், பிழைப்பே அதுதான். இரண்டே தள்ளு, நிலா உள்ளே. அப்புறம் அவள் அசையவே இல்லை.

"என்னம்மா? இது தெளிவா, அது—"

"சும்மா இருங்க. அம்மாடி, எவ்வளவு பள்ளம்!"

நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நிற்பதையே மறந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு குழலை அந்தப் பளிச்சென்ற புள்ளிக்கு நகர்த்தி, அத்தானைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அவர் கண்ணை வைத்தார். சின்ன வட்டமாக வியாழன். அதன் இரு பக்கமும் ஒரே கோட்டில் நான்கு பொடிப் புள்ளிகள், அதன் நிலாக்கள்.

அக்கா கடைக் குரலில் கேட்டாள்: "கடைசி வரி தெரியுதா?"

இருபத்திரண்டு வருடமாக ஊரையே கேட்டவரை யாரும் கேட்காத கேள்வி. அத்தான் குழலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"தெரியுது. நாலும் தெரியுது."

அக்கா ஓரமாக வைத்திருந்த பெட்டியை இழுத்துப் போட்டாள். தேதி எழுதிய பக்கத்தை மிதித்துத் தட்டையாக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"பாத்தாச்சுல்ல, நகருங்க. அடுத்து நான்."