மடிப்புத் துணிக்காக நான் பேசிய பேச்சு

ஆடி பிறந்த மூன்றாம் நாள், என் சித்தி ஒன்றரை வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, தி.நகரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: "ஆடிக்கு வந்திருக்கா." ஆடிக்குத் தாய்வீட்டார் அழைத்து வருவது புதிதாக மணமான பெண்ணை. மணமாகி நான்கு ஆண்டுகள் ஆன ஒருத்தி, கையில் பிள்ளையோடும் இரண்டு பெட்டிகளோடும் ஒரு தையல் இயந்திரத்தோடும் ஆடிக்கு வருவதில்லை. இது எதிர்வீட்டு மாமிக்குத் தெரியும். மாமிக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

"ஆடிக்கு வந்தவ மிஷினையும் தூக்கிண்டு வந்திருக்காளே" என்று மாமி ஒரு நாள் மாடிப்படியில் வழிமறித்தாள். "நன்னா நாள் பார்த்துத்தான் திரும்புவாளாக்கும்?"

"ஆவணி பொறந்ததும் மாப்ள வந்து கூட்டிட்டுப் போவாரு மாமி" என்றாள் அம்மா.

சொன்ன பொய்க்கு ஒரு தேதியும் விழுந்துவிட்டது. அப்பாவுக்குக் குழந்தைகள் ஆடைக் கடை. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் அவருக்குத் தலை நிமிர நேரமில்லை. "ஆடி முடியட்டும், பேசிக்கிடலாம்" என்றபடியே கடைக்குக் கிளம்பிவிடுவார்.

சித்தி ஏன் வந்தாள் என்பதை நான் என் காதாலேயே கேட்டேன். ஒரு மத்தியானம் அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "என்னய விடுக்கா. பாய நனைச்சிட்டான்னு இவனப் போட்டு அடிக்காரு. ஒன்றர வயசுப் பிள்ளைக்கு என்னக்கா தெரியும்?" கேட்டேன் என்றுதான் சொல்ல முடியும். எனக்கு வயது பதினொன்று; எங்கள் வகுப்பில் அடி வாங்காத பிள்ளை ஒருத்திகூட இல்லை. சித்தப்பாவுக்குக் கொஞ்சம் கோபம் வரும்போலும் என்று எண்ணி, அதோடு அந்தச் செய்தியை விட்டுவிட்டேன்.

சித்தியின் மகனான தம்பி நடக்கப் பழகியவன் அல்லன். நேரே ஓடப் பழகியவன். அவனைப் படுக்கவைத்து ஒரு துணியைக் கட்டுவது பெரியவர்கள் மூவர் சேர்ந்தாலும் ஆகாத காரியம். சித்தி ஒருத்தியாகவே அதைச் செய்வாள். அவளே தைத்த மடிப்புத் துணி அது: நீள்சதுரமாக, மூன்று பட்டையாக, நடுப்பட்டை மட்டும் எட்டு அடுக்கு கொண்ட தடித்த பருத்தி. அவனை நிற்கவைத்துத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவே இறுக்கிக்கொண்டு, கையில் ஒரு கரண்டியைக் கொடுத்துவிட்டு, துணியைக் கால் நடுவே கொண்டுபோய், தொடையோரங்களில் உள்பக்கமாகச் சுருட்டிவிடுவாள். சுருட்டாமல் விட்டால் ஓடுகிற பிள்ளைக்குத் தொடை வழியாகச் சிறுநீர் ஒழுகிவிடும். பிறகு மூன்று பல் வைத்த ஒரு ரப்பர்க் கவ்வியால் இடுப்பில் இழுத்துப் பூட்டுவாள். கரண்டி தரையில் விழும் முன்பே வேலை முடிந்துவிடும்.

"எப்படி சித்தி இவ்வளவு வேகமாக் கட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"கத்துக்கிட வேண்டியதாப் போச்சு" என்றாள்.

அதைத் திறமை என்று மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அப்பாவின் கடைக்குள் தம்பி ஒரு மணி நேரம் ஓடித் திரிந்தும் நனையாமல் இருந்ததை, துணி எடுக்க வந்த ஓர் அம்மையார் கவனித்தார். அவர் அடையாறில் குழந்தைகள் காப்பகம் நடத்துபவர். துணியைப் புரட்டிப் பார்த்தார், சித்தியை விசாரித்தார்.

"எங்ககிட்ட இருபது குழந்தைங்க இருக்காங்க. ஆனா பேரண்ட்ஸ் ஒத்துக்கணும். ஆடி கடைசி ஞாயிறு அவங்க கூட்டம் வெச்சிருக்கோம், வந்து காட்டுங்க. அவங்க சரின்னுட்டா, எங்க மாடியில ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு. குழந்தையோட அங்கேயே தங்கித் தைச்சுக் குடுங்க."

அன்று வீடு திரும்பும் வழியில் சித்தி எனக்குப் பூ வாங்கித் தந்தாள். எதற்கென்று கேட்டேன், சும்மாதான் என்றாள்.

சித்திக்கு ஒரே ஒரு பயம். "நாலு பேரு முன்னால எனக்கு வாய் வராதுக்கா" என்று அம்மாவிடம் சொன்னாள். நான் எழுந்து நின்றேன். பள்ளியில் இரண்டு கோப்பைகள் வாங்கியிருந்த நாக்கு என்னுடையது. துணியின் பெருமையை நான் பேசுவது, தாம்பாளத்தில் விரித்த துணிமேல் ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றி அது உறிஞ்சுவதைக் காட்டுவது, கடைசியில் தம்பி மேடையில் ஓடி வருவது என்று முடிவாயிற்று.

கூட்டத்தில் காட்டுவதற்கென்று சித்தி பன்னிரண்டு துணிகள் புதிதாகத் தைத்தாள். புதிய பருத்தியில் ஓர் எண்ணெய்ப் பசை உண்டு. ஐந்தாறு முறை கொதிநீரில் அலசி அதை நீக்கினால்தான் துணி தண்ணீரைக் குடிக்கும். ஐந்து முறை சித்தியே அலசினாள். ஆறாவது முறைக்கு, சனிக்கிழமை, அவள் ராயப்பேட்டைக்கு எலாஸ்டிக் வாங்கப் போக வேண்டியிருந்தது.

"ஏட்டி, கொதிதண்ணி மட்டுந்தான். வேற ஒண்ணும் சேக்காத, கேட்டியா?"

"கேட்டேன் சித்தி."

பன்னிரண்டு துணிகளையும் அலசினேன். முகர்ந்து பார்த்தேன், வெந்த பருத்தி வாடை. அடையாற்றுத் தாய்மார் கைக்குக் கைமாற்றிப் பார்க்கப்போகும் துணிக்கு இந்த வாடை ஆகுமா? மணமும் ஒரு வாதம் அல்லவா? அப்பாவின் சட்டைகள் மென்மையாக, மணமாக இருக்க அம்மா கடைசி அலசலில் விடும் ஊதாநிறத் திரவம் அலமாரியில் இருந்தது. ஒரு மூடி விட்டேன். பன்னிரண்டு துணிக்கு ஒரு மூடி போதாது என்று தோன்றியது. இன்னும் மூன்று மூடி விட்டேன்.

அந்தத் திரவம் நூலின்மேல் மெழுகுபோல் ஒரு மெல்லிய படலத்தை ஏற்றிவிடும், அதன் பிறகு துணி தண்ணீரைத் தள்ளிவிடும் என்பது எனக்குத் தெரியாது. தெரியாதது குற்றமில்லை. அதற்குப் பிறகு நான் செய்தவைதான் குற்றம்.

ஞாயிறன்று காப்பகத்துக் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். மேடைக்குப் பின்னால் தம்பியை முழங்காலுக்கிடையே இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த சித்தி சட்டென்று நிமிர்ந்தாள்.

"என்னட்டி வாசம்?"

"நான் பவுடர் போட்டிருக்கேன் சித்தி."

அவள் என்னை முகர்ந்து பார்க்கவில்லை. நம்பினாள். என் பெயரை அழைத்துவிட்டார்கள்.

நான் பேசினேன். குறை சொல்ல முடியாத பேச்சு என்பதை இன்றும் மறுக்கமாட்டேன். ஒரு குழந்தை வளர்வதற்குள், தூக்கி எறியும் டயப்பர்களால் எத்தனை குப்பைமேடுகள் வளர்கின்றன என்று கேட்டேன். குப்பை எரியும் ஊரில் பிறந்த குழந்தைகளுக்கு இருமலைச் சீதனமாகத் தரலாமா என்று கேட்டேன். முன்வரிசையில் ஒரு தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வார்த்தைகள் போதும். இனி இந்தத் துணி பேசட்டும்" என்று கையை உயர்த்தி, தாம்பாளத்தில் விரித்திருந்த துணிமேல் தண்ணீரை ஊற்றினேன்.

தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டது. துணியின்மேல் ஒரு கணம் நின்று, நான்கு பக்கமும் உருண்டு ஓடி, தாம்பாளம் நிறைந்து மேசையிலிருந்து சொட்டியது.

கதவோரம் நின்ற காவலாளி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இன்னா பாப்பா, தண்ணி குடிக்கும்னியே. அது துப்பிக்கினு கீது."

சிரிப்பு எழுந்தது. அதே நேரத்தில், ஒத்திகையில் சொல்லிவைத்தபடி, தம்பி மேடைக்கு ஓடி வந்தான். வலமிருந்து இடம், இடமிருந்து வலம் என்று அவன் ஓடிய வழியெல்லாம் தரையில் ஓர் ஈரக்கோடு தொடர்ந்து வந்தது. கூடம் குலுங்கியது. அவனும் சிரித்தபடி இன்னும் வேகமாக ஓடினான்.

மேடையோரத்தில் சித்தியைப் பார்த்தேன். அவள் துணியைப் பார்க்கவில்லை. காப்பகத்து அம்மையாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தோற்றுக்கொண்டிருந்தேன். என் வாழ்வில் முதல் முறையாக ஒரு சபை என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கிற சபையை நம் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும் என்று பள்ளியில் கற்றுத் தந்திருந்தார்கள். அதற்கு என்ன விலை என்று அவர்கள் கற்றுத் தரவில்லை; நானும் கேட்கவில்லை. ஒலிவாங்கியை வாயருகே இழுத்தேன்.

"அவையோர் மன்னிக்க வேண்டும். ஒழுகியது துணி, என் பேச்சு அல்ல. பேசியது நான். தைத்தது என் சித்தி."

கைதட்டல் கூரையைத் தொட்டது. கண்ணைத் துடைத்த அந்தத் தாய்கூடத் தட்டினார். இரு கைகளையும் கூப்பி இறங்கினேன். சித்தி மேடையேறி, தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் முந்தானையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அவள் பன்னிரண்டு துணிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அலசும்போது ஏதாச்சும் ஊத்துனியா?"

"இல்ல சித்தி."

"ஊத்தியிருந்தாலும் பரவால்ல. சொல்லிட்டியன்னா, அந்தம்மாகிட்ட விஷயத்தச் சொல்லி, திரும்ப அலசிக் காட்டிருவேன். அதுக்குத்தான் கேக்குதேன்."

"நான் ஒண்ணுமே ஊத்தல."

ஐந்து நிமிடம் குறிப்பின்றிப் பேசத் தெரிந்த எனக்கு, 'ஆமாம் சித்தி' என்ற இரண்டு சொற்கள் வரவில்லை. சொன்னால், அன்றைய கைதட்டல் என்னுடையது இல்லை என்று ஆகிவிடும் என்பது மட்டும் புரிந்தது. நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. தங்க இடம் கொடுத்த அக்காளின் மகளைப் பொய்க்காரி என்று சொல்ல அவளால் முடிந்திருக்காது என்பது இப்போது தெரிகிறது. எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைத்து, எல்லாத் துணிகளையும் முதலிலிருந்து அலசத் தொடங்கினாள்.

மறுநாள் அம்மாதான் காப்பகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். எதிர்முனைக் குரல் எனக்கும் கேட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பேரண்ட்ஸ் வேணாம்னுட்டாங்க. குழந்தைங்க விஷயம் பாருங்க. ஆனா உங்க பொண்ணு, அடேங்கப்பா, என்னமாப் பேசறா."

அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு, அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அப்பாவிடம் சொன்னாள். அவர் சித்தியிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் கடைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "மாப்ளைக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழம வாராராம்."

சித்தி தையல் இயந்திரத்துக்கு உறை போட்டு மூடினாள். "இது இங்கேயே இருக்கட்டும்க்கா" என்றாள்.

ஆவணி முதல் வெள்ளியன்று சித்தப்பா வந்தார். கையில் அல்வாப் பொட்டலம், முகத்தில் புன்னகை. மாடிப்படியில் எதிர்ப்பட்ட மாமியைக்கூட வணங்கிவிட்டு வந்தார். தாழ்ந்த குரலில், ஒவ்வொருவரையும் நலம் விசாரித்தார். இவரைப் போய்க் கோபக்காரர் என்கிறார்களே என்று எனக்கு வியப்பாக இருந்தது.

"நீதான் மேடையில பேசுத பிள்ளையா? எங்க, சித்தப்பாவுக்கு ரெண்டு வார்த்த பேசிக் காட்டு."

பேசிக் காட்டினேன். சபாஷ் என்றார். அம்மா காப்பி கொண்டுவந்தாள். அப்பா கடைக்குப் போகாமல் எதிரே உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பயணத்துக்குத் தம்பியைத் தயார் செய்ய, சித்தி கூடத்தின் நடுவே ஒரு துண்டை விரித்தாள். அந்த ஒரு மாதத்தில் அவன் ஒரு தடவைகூடப் படுத்துக் கட்டிக்கொண்டதில்லை. இன்றும் ஓடுவான், நான்தான் துரத்திப் பிடிக்க வேண்டும் என்று கதவருகே தயாராக நின்றேன். அவன் ஓடவில்லை. தானாகவே போய்த் துண்டின்மேல் மல்லாந்து படுத்தான். இரண்டு கைகளையும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டான். சித்தி துணியை விரித்து, சுருட்டி, கவ்வியை இழுத்துப் பூட்டும் வரை ஒரு விரல்கூட அசையவில்லை. கண்கள் மட்டும் நாற்காலியில் இருந்த சித்தப்பாவின் கைமேல் இருந்தன. வழக்கத்துக்கு மாறாகச் சித்தி அன்று ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு துணி கட்டினாள்.

எனக்கு ஒரே மகிழ்ச்சி. வீட்டில் வேறு யாரும் கவனிக்காத ஒன்றை நான் கவனித்துவிட்டேன்.

"அப்பாவப் பாத்ததும் தம்பி எவ்வளவு சமத்தாயிட்டான், பாத்தீங்களா" என்றேன்.

அம்மா காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் கேட்கவில்லை போலும் என்று எண்ணினேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, அதையே இன்னும் உரக்கச் சொன்னேன்.