நான்காவது கடிகாரம்

எங்கள் தகரத் தொழிற்சாலையில் அவருக்குப் பெயர் கடிகாரத்தார். தொடர்ந்து மூன்று வருடம் சிறந்த தொழிலாளி. பரிசு, வருடத்துக்கு ஒரு சுவர்க்கடிகாரம். "இருக்கறதே ரெண்டு ரூம். மூணு கடிகாரம் எதுக்குங்க, மூணு பேருக்கும் தனித்தனியா நேரம் ஓடுதா?" என்று அவர் மனைவி கேட்டாராம். பரிசுக் கடிதங்களை டைப் அடித்தவன் நான்.

அவர் ஓட்டிய பிரஸ் மெஷினுக்கு இரண்டு பொத்தான். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே சிக்கக் கூடாது என்பதற்காக அப்படி. ஆனால் அப்படி ஓட்டினால் கேட்கிற எண்ணிக்கை வராது. அதனால் இடது பொத்தானை சைக்கிள் ட்யூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டு, வலது கையால் அழுத்தி, இடது கையால் தகரத்தை வைத்து எடுப்பார்கள். எல்லோரும்தான். மேலாளருக்கும் தெரியும். சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் ட்யூப்கள் பாக்கெட்டுக்குள் போய்விடும்.

கடிகாரத்தாருக்கு அடுத்த ஷிப்டில் அதே மெஷினில் உட்காருபவன் அவர் மனைவியின் தம்பி, அவர்கள் வீட்டிலேயே இருப்பவன். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவர் ட்யூபை அவிழ்க்க மறந்து கிளம்பிவிட்டார். அவன் வந்து உட்கார்ந்தான். நாலாவது தகரத்தில் இடது கையில் மூன்று விரல் போயிற்று.

பொத்தானைக் கட்டியவன் அவனே என்று எழுதி வேலையை விட்டு நீக்கச் சொன்னார்கள். அந்த ஆணையை நான் பாதி அடித்திருந்தபோது கடிகாரத்தார் மேலாளர் அறைக்குள் வந்தார்.

"ட்யூப் கட்டினது நான் சார். என்னை எடுத்துட்டு அவனை விட்டுடுங்க."

மேலாளர் சிரித்தார். "மச்சான் மேல பாசம், புரியுது. மூணு தடவ பரிசு வாங்கின ஆளு அப்படிச் செய்வாரா?"

"அப்படிச் செஞ்சுதான் சார் வாங்கினேன்."

"போய் வேலையப் பாருங்க."

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் மீதியையும் அடித்து முடித்தேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

அகப்பட்டவனுக்கு அட்டமத்துச் சனி, ஓடிப்போனவனுக்கு ஒன்பதாம் இடத்தில் குரு என்பார்கள். இவர் ஓடவே இல்லை. குருதான் விடமாட்டேன் என்றார்.

ஒரு நாள் டீ குடிக்கையில், யாருக்கோ நடந்ததுபோல அவரே சொன்னார். "என்னத் திட்டுடா மாப்ளன்னு கேட்டேன். 'விடுங்க மாமா, கட்டியிருந்ததப் பாத்துட்டுத்தான் உக்காந்தேன். நீங்க கட்டலன்னா நான் கட்டியிருப்பேன்'ங்கறான். வீட்டுக்காரியும் ஒண்ணும் கேக்கல. தட்டுல சாப்பாடு வச்சா. சாப்பிட்டேன்." டீ ஆறிப்போயிருந்தது. அதையும் குடித்தார்.

அதன்பின் அவர் ட்யூப் கட்டவில்லை. எண்ணிக்கை பாதியாகிவிட்டது. இருந்தும் அந்த வருடப் பரிசும் அவருக்கே. அவருக்கு இல்லையென்றால் ஏன் என்று கேள்வி வரும், மச்சான்மேல் எழுதிய ஆணை பொய்யாகிவிடுமே. மேடையில் வாங்கிக்கொண்டார். கைதட்டினோம். கடிகாரத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. மாலையில் நானே எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

மனைவி பெட்டியைப் பிரித்தார். "மாட்டிடுங்க," என்று மட்டும் சொன்னார்.

மச்சான் எழுந்து வந்தான். இடது கையில் மிஞ்சிய இரண்டு விரலால் ஆணியைச் சுவரில் பிடித்துக்கொண்டு, "அடிங்க மாமா" என்றான். கடிகாரத்தார் சுத்தியலை ஓங்கியபடியே நின்றார். அப்புறம் அதை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். எனக்கும் கை இறங்கவில்லை.

"ஒண்ணும் ஆகாது சார், குடுங்க." அவனே வலது கையால் சுத்தியலை வாங்கி, நாலே அடியில் ஆணியை இறக்கிக் கடிகாரத்தை மாட்டினான். இரண்டடி பின்னால் வந்து பார்த்தான்.

"நேரா இருக்கா மாமா?"

"இருக்கு," என்றார் அவர், சுவரைப் பார்க்காமல்.